தானியம் போன வழியில் ஒரு நடை: ஓஸ்தியா அந்திகாவைப் பார்க்க முழுமையான வழிகாட்டி

பழைய ரோமானிய நகரம் ஒன்றின் இடிபாடுகளைப் பார்க்க வேண்டும் என்று இத்தாலிக்குப் புறப்படுகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் சொல்லும் பெயர் பொம்பேயி. ரோமில் இரண்டு மூன்று நாள் மட்டுமே தங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஓஸ்தியா அந்திகா. ரோமிலிருந்து சுமார் 25 கி.மீ. தொலைவில், தைபர் ஆறு கடலில் கலந்த இடத்தில் இருந்த துறைமுக நகரம் அது. ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டலால் கடற்கரை விலகிப்போக, இன்று அந்த ஊர் கடலை விட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே நிற்கிறது.

பொம்பேயி கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலுக்கு அடியில் போனது. அங்கே நாம் காண்பது ஒரு குறிப்பிட்ட நாளின் ஊர். ஓஸ்தியா கி.மு. 4ஆம் நூற்றாண்டில் சிறு படைக் குடியிருப்பாகத் தோன்றி, கி.பி. 2ஆம் நூற்றாண்டில் சுமார் 50,000 பேர் வாழ்ந்த ஊராக வளர்ந்து, பிறகு மெல்ல மெல்லத் தேய்ந்து கைவிடப்பட்டது. ஆகவே அரண்மனையையோ பெரிய ஓவியங்களையோ எதிர்பார்த்துப் போகக் கூடாது. இது சுமை தூக்கியவர்கள், அளந்தவர்கள், மாவு அரைத்தவர்கள், வாடகை வீட்டில் இருந்தவர்கள் ஆகியோரின் ஊர். ரோம் மாநகருக்கு வேண்டிய கோதுமை எகிப்திலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் கப்பலில் வந்தது. பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் சுமார் 2,00,000 குடிமக்கள் அரசிடமிருந்து இலவசமாகத் தானியம் பெற்றார்கள். அந்தத் தானியத்தின் கணக்கும் காவலும் இந்த ஊரில் நடந்தன. எந்தக் கட்டடத்தின் முன் நின்றாலும் தானியத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டுக்கொண்டே நடந்தால், ஒன்றுபோலத் தெரியும் செங்கல் சுவர்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து பொருள்படத் தொடங்கும். இந்த வழிகாட்டியும் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே போகிறது.

புறப்படும் முன்

திங்கட்கிழமைகளிலும் டிசம்பர் 25, ஜனவரி 1 ஆகிய நாள்களிலும் இடிபாடுகள் மூடியிருக்கும். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நுழைவு இலவசம். ஆனால் உள்ளூர்க் குடும்பங்கள் திரளாக வரும் நாள் அதுதான் என்பதால், அமைதியாகப் பார்க்க விரும்புகிறவர்கள் வார நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மூடும் நேரம் பருவத்துக்கு ஏற்ப மாறும், கடைசி நுழைவு அதற்கு முன்பே முடிந்துவிடும். கட்டணத்தையும் நேரத்தையும் தொல்லியல் பூங்காவின் அதிகாரபூர்வ இணையதளத்தில் முந்தின நாள் பார்த்துக்கொள்ளுங்கள். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை என்பது தெரிந்ததே.

ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்கள் மிகவும் ஏற்றவை. ஜூலை, ஆகஸ்டில் வெயில் நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்குக் குறையாது. குடைபோல விரிந்த பைன் மரங்கள் ஆங்காங்கே இருந்தாலும், முக்கியமான இடங்களில் நிழல் கிடையாது. குளிர்காலத்தில் கூட்டம் குறைவு, ஆனால் மொசைக் தரைகள் (சிறு கற்களைப் பதித்துப் படமாக்கியவை) சிலவற்றைக் காப்பதற்காக மூடிவைப்பதுண்டு.

செருப்பு வேண்டாம். ரோமானியத் தெருக்கள் பெரிய கருங்கற் பாளங்களால் பாவப்பட்டவை. இரண்டாயிரம் ஆண்டுத் தேய்மானத்தில் ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருக்கும். அடிப்பகுதி தடித்த காலணியே பாதுகாப்பானது. முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போகிறீர்கள் என்றால், நடுக்கல்லில் நடக்கவிடாமல் தெருவோரத்து மண்பாதையில் அழைத்துச் செல்லுங்கள். அவர்களுக்கு ஊர் நடுவிலுள்ள சந்தைவெளி (ஃபோரம்) வரை போதும். தண்ணீர்ப் புட்டி, தொப்பி அல்லது குடை, கோடையில் கொசு விரட்டும் களிம்பு ஆகியவை கட்டாயம். ஒரு வரைபடமும் வேண்டும், ஏனெனில் பெயர்ப்பலகைகள் எல்லா இடத்திலும் இல்லை. குறைந்தது நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள்.

போகும் வழி

ரோம் மெட்ரோவின் பி வழித்தடத்தில் ஏறிப் பிரமிதே நிலையத்தில் இறங்க வேண்டும். அதை ஒட்டியே போர்த்தா சான் பாவுலோ ரயில் நிலையம் இருக்கிறது. வெளியே வெள்ளையாக ஒரு பிரமிடு தெரியும், கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதியில் செஸ்தியுஸ் என்பவருக்காகக் கட்டிய கல்லறை அது, ஐந்து நிமிடம் நின்று பார்க்கத் தக்கது. இந்த நிலையத்திலிருந்து கடற்கரைப் பக்கம் போகும் ரயிலில் ஏறினால் சுமார் அரை மணி நேரத்தில் ஓஸ்தியா அந்திகா நிலையம் வரும். பேருந்துக்கும் மெட்ரோவுக்கும் வாங்கும் அதே நகரப் பயணச்சீட்டு இதற்கும் செல்லும். லிதோ என்ற பெயர் சேர்ந்த நிலையங்கள் இதற்கு அடுத்து வருபவை. அவை கடற்கரைக்குப் போகிறவர்கள் இறங்கும் இடங்கள். நிலையத்துக்கு வெளியே நடைமேம்பாலம் வழியாக நெடுஞ்சாலையைக் கடந்து நேரே நடந்தால் சில நிமிடங்களில் நுழைவாயில்.

காலையில் திறந்தவுடன் உள்ளே நுழைந்துவிடுவது நல்லது. பள்ளிப் பிள்ளைகளின் கூட்டம் வந்து சேரும் முன் நாடக அரங்கையும் அதன் பின்னுள்ள சதுக்கத்தையும் பார்த்து முடித்துவிடலாம்.

சுவரைப் படிக்கும் முறை

உள்ளே சில நூறு அடி நடந்ததும் நிற்க வேண்டும். இரு பக்கமும் கல்லறைகள் இருக்கும். ரோமானியர் இறந்தவர்களை ஊர் எல்லைக்குள் புதைப்பதோ எரிப்பதோ இல்லை என்பதால், ஊருக்குள் வருகிற சாலையின் ஓரங்களே அவர்களுக்கு இடுகாடு. அதைத் தாண்டினால் ரோமா வாயில். அதிலிருந்து ஊரின் முதன்மைத் தெருவான தெகுமானுஸ் மாக்ஸிமுஸ் நேராகக் கிளம்புகிறது. எங்கே போனாலும் திரும்பி இந்தத் தெருவுக்கு வந்துவிட்டால் வழி தவறாது.

கட்டடங்களுக்குள் போவதற்கு முன் சுவர்களைப் பார்த்துப் பழகுங்கள். சிறு கற்களைச் சாய்சதுரமாக அடுக்கி வலைக்கண்போலத் தெரிந்தால், அது பெரும்பாலும் கி.மு. முதல் நூற்றாண்டிலிருந்து கி.பி. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரையிலான வேலை. மெல்லிய சுட்ட செங்கல் ஒரே சீராக அடுக்கப்பட்டிருந்தால், டிராஜன், ஹேட்ரியன் ஆகிய பேரரசர்களின் காலத்தையும் அதற்குப் பிறகு ஊர் செழித்திருந்த காலத்தையும் நினைக்கலாம். ஒரு வரிசை செங்கல், ஒரு வரிசை கல் என மாறி மாறி வந்தால் அது பிற்காலம். இந்த முகப்புகளுக்கு நடுவே சுண்ணாம்பும் எரிமலை மண்ணும் கலந்த கலவையைக் கொட்டி நிரப்பியிருப்பார்கள்; சுவர் உடைந்த இடங்களில் அது தெளிவாகத் தெரியும். செங்கற்களில் சூளையின் முத்திரையும், சிலவற்றில் அந்த ஆண்டின் ஆட்சியாளர் பெயரும் இருப்பதால்தான் ஆய்வாளர்களால் பல கட்டடங்களுக்கு ஆண்டு சொல்ல முடிகிறது. கி.பி. 123ஆம் ஆண்டின் முத்திரை இங்கே மிகுதி.

அடுத்தது வாசற்படி. தெருவை ஒட்டிய அறைகளில் நீளமான வெள்ளைக் கல் வாசற்படியைக் குனிந்து பாருங்கள். அதில் ஓர் ஓரத்திலிருந்து நீளமாக ஒரு பள்ளக் கோடு ஓடி, மறு ஓரத்துக்குச் சற்று முன் நின்றுவிடும். அந்த மீதி இடத்தில் கதவு சுழலும் குழி ஒன்று இருக்கும். நம் ஊர்க் கடைத்தெருக்களில் எண் எழுதிய பலகைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சொருகிக் கடையடைப்பார்களே, அதே முறைதான்: பள்ளத்தில் பலகைகளை வரிசையாகச் செருகி, கடைசியில் உள்ள சிறு கதவைப் பூட்டிக்கொண்டு போவார்கள். இந்தப் பள்ளம் இருந்தால் அந்த அறை கடை. இல்லாவிட்டால் வீடோ மாடிப்படியோ. இந்த ஓர் அடையாளம் கைவந்துவிட்டால், ஊரின் பாதியை வரைபடம் இல்லாமலே அடையாளம் காணலாம். ஓஸ்தியா எவ்வளவு நெருக்கமான கடை ஊர் என்பதும் அப்போதுதான் உறைக்கும்.

நெப்டியூன் குளியலகமும் தீயணைப்பு வீரர் விடுதியும்

தெருவின் வலப்பக்கம் சிறு படிக்கட்டு ஒன்று மேடைக்கு ஏறும். அங்கிருந்து கீழே நெப்டியூன் குளியலகத்தின் பெரிய மொசைக் தரையைப் பார்க்கலாம்: கறுப்பும் வெள்ளையுமான சிறு கற்களால் ஆனது, கடல் தெய்வம் நான்கு கடற்குதிரைகளை ஓட்டிச் செல்கிறது, சுற்றிலும் மீன்களும் கடல் உயிர்களும். ஹேட்ரியன் காலத்தில் தொடங்கிய இந்தக் குளியலகம் கி.பி. 139இல் முடிந்தது. எல்லாரும் இங்கே படமெடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பின்னாலுள்ள தெருவுக்கும் போய் வாருங்கள். அங்கே நடுமுற்றத்தைச் சுற்றி அறைகள் கொண்ட ஒரு கட்டடம் இருக்கிறது. ரோமிலிருந்து அனுப்பப்பட்ட தீயணைப்பு வீரர்கள் தங்கிய இடம் அது. ஓர் இரவுத் தீ தலைநகரின் உணவுக் கையிருப்பையே அழித்துவிடும் என்பதால், இந்தத் துறைமுகத்துக்கு அவ்வளவு காவல் தேவைப்பட்டது.

சங்கங்களின் சதுக்கம்

அடுத்து நாடக அரங்கம். அகஸ்டஸின் தளபதி அக்ரிப்பா கட்டியது, கி.பி. 196இல் பெரிதாக்கப்பட்டது, இன்று நாம் ஏறி உட்காரும் படிகளில் பெரும்பகுதி 20ஆம் நூற்றாண்டுச் சீரமைப்பு. மேல்படியில் சற்று உட்கார்ந்து, மேடைக்கு அப்பால் தெரியும் சதுக்கத்தை முழுதாகப் பார்த்த பிறகு கீழே இறங்குங்கள்.

ஓஸ்தியாவில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் உண்டு என்றால், நான் இந்தச் சதுக்கத்தைச் சொல்வேன். நடுவில் ஒரு கோயிலின் அடித்தளம். மூன்று பக்கமும் தூண்களுக்குப் பின்னால் ஏறத்தாழ 60 சிறு அறைகள். கப்பல் உரிமையாளர்களும் வணிகர் சங்கங்களும் இங்கே இடம் வைத்திருந்தார்கள். ஒவ்வோர் அறைக்கும் முன்னால் தரையில் மொசைக்கால் ஊர்ப் பெயரும் சின்னமும் பதித்திருக்கிறார்கள். சப்ராதா ஊரார் யானையைப் பதித்திருக்கிறார்கள். அது இன்றைய லிபியாவில் உள்ள துறைமுகம். சார்தீனியாவின் கலியாரி, கார்த்தேஜ், தென் பிரான்சின் நர்போன் ஆகிய ஊர்களும் உண்டு. கப்பல்கள், கலங்கரை விளக்கம், டால்பின்கள், தானியம் அளக்கும் மரக்கால் எனப் படங்கள் தொடர்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மாலுமிகூட, கீழே பார்த்துக்கொண்டே நடந்து தனக்கு வேண்டிய இடத்தைக் கண்டுபிடித்திருக்க முடியும். அவசரப்படாமல் ஒரு பக்கத்தில் தொடங்கி மூன்று பக்கமும் சுற்றி வாருங்கள். மொசைக்கை மிதிக்காதீர்கள், உதிர்ந்து கிடக்கும் கல்லாக இருந்தாலும் எடுக்காதீர்கள், சட்டப்படி அது குற்றம்.

தமிழ் வாசகர் இங்கே முசிறியைத் தேடுவார். எஞ்சியிருக்கும் மொசைக்குகளில் நம் கரையின் துறை எதுவும் இல்லை. சேர நாட்டு மிளகு செங்கடல் வழியாக எகிப்துக்குப் போய், அலெக்சாந்திரியாவிலிருந்து வேறு கப்பல்களில் இத்தாலிக்கு வந்தது என்பதால், இங்கிருந்த வணிகர்கள் அறிந்த துறை அலெக்சாந்திரியாதான். முசிறிச் சரக்குக்கான 2ஆம் நூற்றாண்டுக் கடன் ஒப்பந்தம் எழுதிய பாப்பிரஸ் ஏடு வியன்னாவில் இருக்கிறது. மிளகுக்கென்றே தொமிஷியன் பேரரசர் கட்டிய கிட்டங்கி ரோமில் சந்தைவெளிக்குப் பக்கத்தில் இருந்தது. அந்தத் தேடலை ரோமில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிட்டங்கி, மாவு ஆலை, மாடி வீடு

அரங்கிலிருந்து மேற்கே நடந்தால் பெருங்கிட்டங்கி என்று அழைக்கப்படும் தானியக் களஞ்சியம் வரும். உள்ளே போக முடியாவிட்டாலும் சுவர்களின் தடிமனை வெளியிலிருந்தே உணரலாம். தானியம் ஈரம்பட்டுச் சூடேறினால் கெட்டுவிடும் என்பதால், அறைகளின் தரையைச் சிறு சுவர்கள்மேல் உயர்த்தி அடியில் காற்று ஓட விட்டிருக்கிறார்கள். எதிர்ப்பக்கம் மாவு ஆலை. எரிமலைக் கல்லாலான திரிகைகள் வரிசையாக நிற்கின்றன. கூம்பான அடிக்கல்லின் மேல் உடுக்கை வடிவில் மேற்கல். கழுதைகளைப் பூட்டி இதைச் சுழற்றினார்கள். திரிகையைச் சுற்றிய தரைக்கு மட்டும் தெருவில் போடும் அதே கருங்கல் பாவியிருப்பதைக் கவனியுங்கள்: நாள் முழுவதும் சுற்றும் குளம்புகளை வேறெந்தத் தரையும் தாங்கியிருக்காது.

இதை ஒட்டித் தியானா வீட்டுத் தெரு திரும்புகிறது. ஓஸ்தியா பொம்பேயியிலிருந்து எவ்வளவு வேறுபட்டது என்பதை இந்தத் தெருவே காட்டிவிடும். பொம்பேயியில் பெரும்பாலும் முற்றம் வைத்த தாழ்வான வீடுகள். இங்கே பல மாடிக் குடியிருப்புகள். கீழே கடைகள், தெருவிலிருந்தே நேராக மேலே ஏறும் படிக்கட்டுகள், முகப்பில் மாடத்தைத் தாங்கிய வளைவுகள். ரோம் மாநகரின் சாதாரண மக்கள் வாழ்ந்த வீடுகள் பிற்கால ரோமுக்கு அடியில் மறைந்துபோய்விட்டதால், அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று அறிய ஆய்வாளர்கள் இங்கேதான் வருகிறார்கள்.

அதே தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடை ஏறக்குறைய முழுதாக நிற்கிறது. வாசலின் இரு பக்கமும் கல் இருக்கை. உள்ளே பளிங்கு பதித்த பரிமாறு மேடை, அதன் அடியில் பாத்திரம் கழுவும் தொட்டி, படிப்படியாக அமைந்த தட்டு மேடை, சுவரில் உணவுப் பொருள்களின் ஓவியம். பின்னால் நீரூற்று வைத்த சிறு முற்றமும் உண்டு. மாடி வீடுகளில் பலவற்றில் அடுப்பு வைக்க வசதி இல்லை. கப்பலில் வந்து, களஞ்சியத்தில் காத்து, திரிகையில் மாவாகிய தானியம் அங்கே குடியிருந்தவர்களின் வாய்க்குப் போய்ச் சேர்ந்தது இப்படிப்பட்ட கடைகளின் வழியாகத்தான்.

இங்கிருந்து அருங்காட்சியகம் அருகில். மித்ரா தெய்வம் காளையைக் கொல்லும் பெரிய பளிங்குச் சிலையை எல்லாரும் பார்ப்பார்கள். அதோடு, கல்லறை முகப்புகளில் பதித்திருந்த சிறு சுடுமண் பலகைகளைத் தேடிப் பாருங்கள். அவற்றில் ஒன்றில் மருத்துவச்சி ஒருத்தி பிரசவம் பார்க்கிறாள். அவள் பெயர் ஸ்கிரிபோனியா ஆத்திகே. தான் செய்த தொழிலைத் தன் கல்லறையில் பெருமையோடு காட்டிக்கொண்ட மக்கள் இவர்கள்.

சந்தைவெளியும் அதற்கு அப்பாலும்

சந்தைவெளியில் உயர்ந்து நிற்கும் செங்கல் கட்டடம், ஹேட்ரியன் காலத்தில் கட்டிய தலைமைக் கோயில். முழுக்கப் பளிங்கு போர்த்தியிருந்தது. ஊர் கைவிடப்பட்ட பின் பளிங்கு பெயர்க்கப்பட்டு வேறு ஊர்க் கட்டடங்களுக்கும் சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் போய்விட்டது. அருகிலுள்ள குளியலகத்தின் அறைகள் தென்மேற்கு நோக்கி ஏன் வளைந்து நிற்கின்றன என்று யோசியுங்கள்: ரோமானியர் குளித்தது பிற்பகலில், அந்த வெயில் அறைக்குள் விழ வேண்டும். பக்கத்திலேயே பளிங்கு இருக்கை வரிசையோடு பொதுக் கழிவறை.

மேற்கே போனால் தெரு இரண்டாகப் பிரியும் இடத்தில், எபகாத்துஸ், எபபுரோதித்துஸ் என்ற இருவரின் கிட்டங்கி. செங்கல்லாலேயே தூணும் முக்கோண முகப்பும் செய்து, நடுவில் பளிங்கில் பெயர் பொறித்திருக்கிறார்கள். கிரேக்கப் பெயர்களிலிருந்து இவர்கள் அடிமை நிலையிலிருந்து விடுதலை பெற்றவர்கள் என்று கருதுகிறார்கள்.

வலக்கிளையில் தானியம் அளப்போர் சங்கத்தின் மண்டபம். அதன் மொசைக்கை எப்பாடுபட்டாவது பாருங்கள். ஒருவன் மூட்டையைத் தூக்கி வருகிறான். ஒரு சிறுவன் கயிற்றில் கோத்த எண்ணிக்கைக் குச்சிகளைப் பிடித்திருக்கிறான். அளப்பவன் மரக்காலைத் தலை தட்டும் கோலோடு நிற்கிறான். கணக்குப் பிசகக் கூடாது, ஒரு பிடி கூடவும் கூடாது குறையவும் கூடாது என்ற அக்கறை அந்தச் சிறு படத்துக்குள் முழுதாக இருக்கிறது.

கால் ஒத்துழைத்தால் இடக்கிளையில் கடல் வாயில் வரை போய், அதற்கு வெளியே யூதர்களின் தொழுகைக்கூடத்தையும் பாருங்கள். விமான நிலையச் சாலை போட்டபோது 1961இல் வெளிப்பட்டது. கல்லில் ஏழு கிளை விளக்கு செதுக்கப்பட்டிருக்கிறது.

வெளியே வந்த பிறகு

நுழைவாயிலுக்கு எதிரே பழைய கிராமம் இருக்கிறது. பிற்காலத்தில் திருத்தந்தை இரண்டாம் ஜூலியஸ் ஆன கர்தினால் 1480களில் கட்டிய கோட்டை அங்கே நிற்கிறது. ஆற்றைக் காவல் காக்கத்தான் அதைக் கட்டினார்கள். 1557 வெள்ளத்தில் ஆறே தடம் மாறிப் போய்விட்டது. அருகிலுள்ள சாந்தா அவுரேயா கோயிலில் புனித அகுஸ்தீனின் தாய் மோனிகாவின் கல்லறைக் கல்வெட்டின் துண்டு இருக்கிறது. ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறக் காத்திருந்தபோது 387இல் அவர் இந்த ஊரில் இறந்தார். துண்டு 1945இல் கிடைத்தது, விளையாட்டுக்காகக் குழி தோண்டிய சிறுவர்களால்.

இன்னொரு நாள் கையில் இருந்தால், வடக்கே பேரரசர் கிளாடியஸ் கி.பி. 42இல் தொடங்கிய துறைமுகத்தையும் டிராஜனின் அறுகோணக் குளத்தையும், அவற்றுக்கும் ஓஸ்தியாவுக்கும் நடுவே உள்ள இசோலா சாக்ரா இடுகாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவை தனித்தனி வளாகங்கள், திறக்கும் நாள்களும் வேறு, பேருந்தோ வாடகை வண்டியோ தேவைப்படும். நேரமில்லாதவர்கள் ஃபியுமிச்சீனோ விமான நிலையத்தில் இறங்கும்போதோ ஏறும்போதோ சன்னலோர இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். விமானம் அந்தப் பக்கமாகப் போனால் ஆறு பக்கமும் நேராக வெட்டிய அந்தக் குளம் கீழே தெளிவாகத் தெரியும்.